கரண்டியில் பேசும் அம்மா

சோல்மே அப்பாவுக்கு வணக்கம். நம் ஊர் யான்ஜியில் பனி விட்டதா? உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். போனில் சொன்னால் சோல்மே காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

சியோலில் நான் பார்த்துக்கொள்ளும் மூன்று வயது யூன்சே, நேற்று வீட்டு விளையாட்டில் அம்மாவானாள். நான் அவளுக்குச் செய்வதுபோலவே, பொம்மைக்காகக் கிம்ச்சி ஊறுகாயைத் தண்ணீரில் அலசிக் காரம் போக்கினாள். பிறகு கரண்டியைக் காதில் வைத்து, "சாப்ட்டியா கண்ணு? அப்பாகிட்ட அடம் பிடிக்காத. அம்மா சீக்கிரம் வந்துடுவேன்" என்றாள். சோல்மேயிடம் நான் பேசுவது அப்படியே, நம் ஊர் இழுவையோடு! கரண்டியை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி, சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இத எங்கடி கத்துக்கிட்ட?" என்று அவள் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சோல்மேயின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், ஷூ வாங்க வேண்டும். என்னிடம் இருப்பது போன வருஷத்து அளவு. மிளகாய்த்தூளும் ஒரு பொட்டலம் அனுப்புங்கள். இங்கே விற்பதில் நிறம் மட்டும்தான் இருக்கிறது.

யூன்சே எழுந்துவிட்டாள், முடிக்கிறேன். ஒன்று மட்டும் பார்த்து எழுதுங்கள். நம் சோல்மே வீட்டு விளையாட்டு ஆடும்போது, அம்மா வீட்டுக்குள் இருக்கிறாளா, கரண்டிக்குள் இருக்கிறாளா?

ஹ்யாங்னான்