எஞ்சினில் பொறித்த ‘வெ’

சுகர் லேண்ட், அமெரிக்கா
14 மார்ச் 1998

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நாங்கள் இருவரும் சுகம். இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன்.

அப்பா வேலை பார்க்கும் பட்டறையில் பழைய இங்கிலாந்து ரேஸ் கார்களின் எஞ்சினைப் பிரித்து வேகம் கூட்டிப் பூட்டுவார்கள். உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இந்தத் தொழில் வீட்டுக் கொட்டகைகளில்தான் வளர்ந்தது என்றும், பூட்டியவர்கள் சிலர் தம் பெயரெழுத்தை எஞ்சினில் பொறிப்பார்கள் என்றும் லைப்ரரி புத்தகத்தில் படித்து அப்பாவிடம் சொன்னேன். அவரும் ஆசைப்பட்டு, தன் பெயர் வெள்ளியங்கிரியின் ‘வெ’யைத் தமிழிலேயே பொறித்தார்.

போன ஞாயிறு ரேஸில் பட்டறையின் இரண்டு எஞ்சின்கள் உடைந்தன.

“இந்த எழுத்து யாருதுன்னு பட்டறைக்காரங்க கேட்டாங்க கண்ணு. என்ரதுன்னு சொன்னேன்.”

“இன்னொரு எஞ்சின் யாருதுப்பா?”

“அதுல எழுத்தே இல்லையே. நல்லவேளை, நான் முழுப் பேரையும் வெட்டல” என்று சிரித்தார்.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது. “உங்கம்மாளுக்கு லீவுன்னு எழுது” என்றார். என்னால் முடியவில்லை. புத்தகத்தைப் பற்றிச் சொன்னது நான்தானே.

ஜூன் மாதம் இங்கு வர டிக்கெட் எடுக்க வேண்டாம். பச்சை டிரங்குப் பெட்டியில் அப்பாவின் பீளமேட்டுக் கம்பெனி சான்றிதழ் இருக்கும். வேறு வேலை தேட வேண்டும், உடனே அனுப்புங்கள். கசங்காமலிருக்க உங்கள் பழைய சேலை ஒன்றில் சுற்றி அனுப்புங்கள். துவைக்காத சேலையாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா தன் ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்குகிறார். நான் பட்டறை மேசையில் எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில், ஆனால் இங்கே ஜன்னல் கிடையாது. முடிக்கிறேன் அம்மா. அப்பா உள்ளே இருக்கும்போதே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

நித்திலா