பத்து மைல்

12-2-1956, ஞாயிறு இரவு

தொடை இரண்டும் கடுக்கின்றன. தூக்கம் வரவில்லை. உள்ளே என் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் தம்பி முனிராசுவுக்குப் பெண் பார்க்க, அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலையூருக்கு நானும் அவனும் சைக்கிளில் போனோம். வழியெல்லாம் கன்னடம் பேசுகிறவர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் போனேன். சந்தையில் கற்ற ஒன்று முதல் பத்து வரைதான் என் கன்னடம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, ஆடு மேய்ப்பவரிடம் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஹத்து, ஹத்து" என்று கையை வீசினார். பத்து மைல் என்றேன் முனிராசுவிடம். வெகுநேரம் கழித்து, விறகு சுமந்து வந்த அம்மாளிடம் கேட்டேன். அவளும் "ஹத்து" என்றாள்.

"ஏன் மாமா, அந்த ஊரும் நமக்கு முன்னாடி சைக்கிள்ல போவுதா?" என்றான்.

ஒருவழியாகப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றோம். பெண்ணின் அப்பா வெளியே வந்து, படியைக் காட்டி, "ஹத்தப்பா, ஹத்து" என்றார்.

முனிராசு சைக்கிளைத் திருப்பிவிட்டான். "இன்னும் பத்தா? எனக்குக் கல்யாணமே வேணாம் மாமா!"

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. பெண்தான். "படி ஏறச் சொல்றாருங்க. ஹத்துன்னா ஏறுன்னும் அர்த்தங்க."

சம்பந்தம் முடிவாகிவிட்டது. முனிராசு இனி அவளிடமே கன்னடம் கற்றுக்கொள்வானாம். பதினொன்றுக்குக் கன்னடத்தில் என்ன என்று எனக்கும் கேட்க ஆசைதான். ஆனால் வழிகாட்டிப் போனவன் அதை எப்படிக் கேட்பது?