டிரையர் மேல் ஏறிய கேரியர்

வண்டிச்சோலை, குன்னூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, ஒழுகுகிற சமையலறைக் கூரை மூவரும் சௌக்கியம். புனேயில் நீயும் உன் கம்ப்யூட்டரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், இருவரில் ஒருவர்தான் முடியும் என்றால் நீயே இருந்துகொள். நேற்று ஃபோனில் நீ ஃபேக்டரிக்கு அனுப்பிய பெட்டி பிழைத்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், எப்படிப் பிழைத்தது என்று சொல்ல முடியவில்லை, காரணம் உன் அப்பா. உன்னோடு பேசுவதில்லை என்று இரண்டு வாரமாக விரதம் இருக்கிற மனிதர், நான் உன்னோடு பேசும்போது மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரே நகத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கடிதம். உன் அறையில் இருக்கிற பெண்களிடம் வாசித்துக் காட்டாதே, இது நமக்குள்.

ஊர் நிலவரம் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே காணாது என்று பல பேர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள், நம் வீட்டுக்குக் கீழே இருக்கிற தோட்டத்தில் செடியெல்லாம் மரமாகி நம் ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. ஃபேக்டரி வாரத்தில் நாலு நாள்தான் ஓடுகிறது, மீதி நாளில் நான் ஆபீசில் காலி மேசைக்குக் காவல் இருந்து நூலகப் புத்தகம் படிக்கிறேன், சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். நம் முதலாளி கீர்த்திவாசன் சார்கூடச் சிக்கனத்தில் இறங்கிவிட்டார், மதியம் கிளப்புக்குப் போய்ச் சாப்பிடுவதை இந்த மாதம் நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து ஐந்தடுக்குக் கேரியரில் சாப்பாடு வரவழைக்கிறார். ஐந்தடுக்கில் வருவதுதான் சிக்கனம் என்றால் முன்னே எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று நானும் அன்னக்கிளியும் பேசிக்கொண்டோம். அன்னக்கிளியை நினைவிருக்கிறதா, தூள் சலிக்கிற பக்கம் இருப்பாளே, சிலோனிலிருந்து வந்த குடும்பம், இன்னமும் முதலாளியைத் தொரை என்றுதான் கூப்பிடுவாள், மரியாதையா கேலியா என்று அவருக்கு இதுவரை பிடிபடவில்லை.

உனக்காக நூலகத்தில் உன் துறைப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். இனி இயந்திரங்கள் தங்கள் நோயைத் தாங்களே சொல்லுமாம், ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு இரட்டைப் பிறவி இருக்குமாம், பல்சக்கரத்தைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடித்தே எடுப்பார்களாம். கடைசியாகச் சொன்னது பொய்யில்லை, போன மாதம் நம் சல்லடை மெஷினில் பல் உடைந்தபோது கோயம்புத்தூரில் ஒரு பையன் அதை அப்படித்தான் அச்சடித்துக் கொடுத்தான், வெள்ளை வெளேரென்று பொம்மைக் கடைச் சாமான் மாதிரி இருக்கிறது, ஆனால் ஓடுகிறது. எதிர்காலத்தை வடிவமைப்பவர்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டிருந்தார்கள், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறார்கள், ஒருவர் சட்டையிலும் கிரீஸ் இல்லை. ஒரு பெண்ணுக்கு மட்டும் உன் நெற்றி. அவளும் கையைத்தான் கட்டியிருந்தாள், நீ அப்படி நிற்காதே.

சரி, பெட்டிக்கு வருகிறேன். தீப்பெட்டி அளவில் ஒன்றை நீ அனுப்பினாயே, அது தூளை உலர்த்துகிற டிரையரின் மேல்பக்கத்து விசிறி பேரிங்கில் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு விசிறி எப்படி அதிர்கிறது என்று உனக்குக் கோள் சொல்லிக்கொண்டே இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதம் என்ன வந்ததோ, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அதன் விளக்கு சிவப்பாகும், நீ வைத்த சட்டப்படி பத்து நிமிடம் சிவப்பாகவே இருந்தால் டிரையரைத் தானே நிறுத்திவிடும், உள்ளே இருக்கிற தூள் பாதி கருகி பாதி ஈரமாக நிற்கும். பேரிங் போய்விட்டது என்று நீ அங்கிருந்து சொன்னாய். பேரிங் கல்லு மாதிரி இருக்குது, இவ பொட்டிக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்குது என்று ஃபேக்டரி ஃபிட்டர் என்கிற மிடுக்கில் அப்பா சொன்னார். வார்த்தை வளர்ந்து, உன் கம்பெனி எழுதிக் கேட்டதால் அவர் முணுமுணுத்துக்கொண்டே புது பேரிங் மாட்டினார், மறுநாளும் சிவப்பு. தூள் விக்கிற வெலைக்கு இதையும் கருக்கிக் குடுக்கறதுக்கு ஒரு மெஷினு வேணுங்களா, சனிக்கெழம நானே வந்து நிக்கறேன், கழட்டிப் புனேக்கே பார்சல் போட்டுருங்க என்று முதலாளி அப்பாவிடம் சொல்லிவிட்டார். இந்த ஒரு டிரையரை வைத்துத்தான் உன்னை வேலையில் நிரந்தரம் செய்வார்கள் என்று நீ ஃபோனில் அழுதது அப்பா காதிலும் விழுந்தது, அன்றைக்கு அவர் நகம் வெட்டவில்லை.

வியாழக்கிழமை நான் என் டப்பாவைச் சூடாக்க டிரையர் மேல் வைக்கப் போனேன். எப்போதும் போல எல்லோர் டப்பாவும் அங்கேதான், இந்தக் குளிரில் வேறு எங்கே வைப்பது. நடுவில் முதலாளியின் ஐந்தடுக்கு, கோயில் கோபுரம் மாதிரி. அது வந்து உட்கார்ந்ததில் இருந்து மற்றதெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது, அதுவோ அடுக்குக்கு அடுக்கு இடித்துக்கொண்டு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது, அதன் காலடியில் உன் பெட்டி சிவப்பாக முழித்தது. என் டப்பாவுக்கு இடம் பண்ண அதைத் தூக்கினேன், விளக்கு பச்சை. கீழே வைத்தேன், சிவப்பு. எனக்கு ஒரே சந்தோஷம், தூக்குவதும் வைப்பதுமாக இருந்ததில் மூன்றாவது அடுக்கு ரசம் அன்னக்கிளி புடவையில் கொட்டியது. அவளுக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது, சிரிக்கவில்லை. இத போய்ச் சொன்னியன்னா தொரை எல்லார் டப்பாவயும் தூக்கி வெளிய வச்சிருவாரு, மழை காலத்துல பச்சத்தண்ணி மாதிரி சோத்த முழுங்கணும், ஓம் புள்ள வேலையா எங்க சோறா, நீதான் படிச்ச பொம்பளையாச்சே, யோசி என்றாள்.

யோசித்தேன். எல்லோர் டப்பாவையும் இறக்கிவிட்டு உன் வேலையைக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை, உன்னை விட்டுக்கொடுக்கவும் வரவில்லை. அப்பாவிடம் சொல்லியிருந்தால் தானே ஜெயித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லியிருப்பார். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை முதலாளி வந்து கழட்டுங்க என்றதும், சார், கழட்டறதுக்கு முன்னாடி உங்க கேரியரை நீங்களே ஒருக்கா எடுங்க என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்தார், பச்சை. வைங்க என்றேன், சிவப்பு. இன்னொரு தடவை அவராகவே எடுத்து வைத்துப் பார்த்தார். அப்போது அன்னக்கிளி, தொரை ஊட்டு சாம்பாரு கனமுங்க என்றாள், உன் அப்பா உட்பட அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். அப்ப மத்த டப்பாவெல்லாம் என்று முதலாளி ஆரம்பித்தார். அதுகெல்லாம் இத்தன வருஷமா சும்மாதானுங்க உக்காந்திருக்குது என்றேன். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னால் தன்னுடையதும் இறங்க வேண்டும், கிளப்பையும் விட்டாயிற்று, ஆறிய சாம்பார் அவருக்கு ஆகாது. கேரியரைக் கையில் வைத்துக்கொண்டே அதற்குக் கீழே ஒரு சாக்கை நாலாக மடித்துப் போடச் சொன்னார். ஆட்டம் நின்றது. உன் பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி உனக்குச் சொல்வது. உன் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுது, கேரியர் என்றே எழுது, வேறு பெரிய பெயர் ஏதாவது வைத்து மறைக்காதே. பேரிங் விஷயத்தில் நீ சொன்னதும் தப்பு, பெட்டி விஷயத்தில் அப்பா சொன்னதும் தப்பு, ஆளுக்குப் பாதி. ஆனால் பிரியா, எனக்கு ஒன்றுதான் ஆச்சரியம். பள்ளிக்கூட நாளில் உன் டப்பாவும் அந்த டிரையர் மேல்தான் சூடானது. அதே டிரையருக்கு நீ கம்ப்யூட்டரில் இரட்டைப் பிறவி செய்தபோது விசிறி வைத்தாய், மோட்டார் வைத்தாய், தலையில் ஒரு டப்பாகூட வைக்கவில்லையே கண்ணு. அதற்கும் சோற்று நேரம் என்று ஒன்று உண்டு என்று சொல்லிக் கொடுத்துவிடு.

அப்பாவுக்கு நீயே ஃபோன் போடு, அவர் போட மாட்டார். நேற்று மாலை சாக்கை இன்னும் ஒரு மடிப்பு மடித்து வைத்துவிட்டு, இப்ப அவளுக்கு அங்க எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டார். உன் கம்ப்யூட்டரில் ஓடுகிற கோட்டில் மதியத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு மட்டும் தெரிகிறது என்று நேற்று ஃபோனில் நீ சொன்னதைச் சொன்னேன். அப்ப நாம சோறு வைக்கறது அவளுக்குத் தெரியும் என்றார். இன்று லீவு நாளிலும் தன் டப்பாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ சாப்பிட்டாயா என்று காட்ட என்னிடம் ஒரு பெட்டியும் இல்லை. குலதெய்வம் உன் பக்கம் இருக்கட்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு, அவர் பங்கையும் நானே எழுதிவிடுகிறேன். ஒன்றை மறக்காதே, ஃபேக்டரி ஓடுகிற நாளில் மதியத்துக்கு முன்னால் அந்தச் சின்ன மேடு வரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்தாதே, வீட்டுக்குக் கூப்பிடு.

உன் அம்மா,
தங்கமணி