மூன்று தண்ணீரில் கழுவிய பயறு

புளியங்கூடல்,
12.3.1979

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மன் துணை. பயற்றில் புல்லுக்கு அடித்த மருந்தின் நஞ்சு இல்லையென்று உன் ஆய்வுகூட முடிவு கிடைத்தது. உன்னைப் பெற்ற கொப்பருக்குப் புளுகம் தாங்கவில்லை, ஒரே சந்தோஷம். "பாத்தீரே, என்ரை மருந்து புல்லைத்தான் தின்னும், ஆளைத் தின்னாது!" என்றார். நயினாதீவு அம்மன் கோயில் அன்னதானத்துக்கு மூடையும் கட்டிவிட்டார்.

உனக்கு ஒன்றை எழுதாமல் விட்டேன். உன் ஆய்வுகூடம் போல பெரிய இடத்துக்குப் போகிற பயறென்று மூன்று தண்ணீரில் கழுவி, காயவைத்துத்தான் அனுப்பினேன். "கழுவாமல் அனுப்புங்கோ" என்று நீ எழுதியிருந்ததை நேற்றுத்தான் கவனித்தேன்.

இத்துடன் கழுவாமல், வயல்மண்ணோடு ஒரு கொத்துப் பயறு அளந்து அனுப்புகிறேன். மூடையை அவிழ்த்துப் பாயில் பரப்பிவிட்டேன்.

"இன்னும் காயேல்லையோ? எப்ப வள்ளத்தில ஏத்துறது?" என்று கொப்பர் கேட்கிறார். ஈரம் இருக்கிறது என்கிறேன்.

உன் பதில் வரும்வரை அந்தப் பயறு காயாது.

உன் அம்மா