ரெஜினா போன எரிமலை

நவம்பர் 3, திங்கள்
விடியலிலிருந்து மழை. நோணாங்குப்பத்தில் படகு ஓடவில்லை. நேற்று கல்லறைத் திருநாளுக்கு வைத்த பூவெல்லாம் அழுகியிருக்கும்.

குவாத்தமாலாவில் ரெஜினா போன மலை வெடித்துவிட்டது. டீக்கடை டிவியில் பார்த்தேன். சாம்பல். ஓடும் ஜனம். ரெஜினா என் தங்கை பிலோவின் ஒரே மகள். அந்த ஊரில் எரிமலையை யார் யார் கவனித்து எழுதினார்கள் என்று சரித்திரம் எழுதப் போனவள். போன் போகவில்லை.

ஆனாலும் கடையில் கதை அளப்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் சர்ச் சாமியார்கள் புகையைக் குறித்துவைத்தது, பிறகு காப்பித் தோட்டத்து ஜெர்மன்காரர்கள், பிறகு தரை நடுங்கினால் கோடு போடும் மெஷின். எல்லாம் அவள் சொன்னது. சாமியார் நெருப்புக் குழம்பில் சுருட்டு பற்றவைத்தது மட்டும் என் கைச்சரக்கு.

"நீதான் தீப்பெட்டி குடுத்தியா?" என்றான் கடைக்காரன்.

சிரித்தேன். டீ சட்டையில் கொட்டியது.

நவம்பர் 4, செவ்வாய்
தூறல். வாங்க: மெழுகுவர்த்தி, ரொட்டி, பிலோவுக்கு பிரஷர் மாத்திரை.

எம்பசிக்குப் போன் போட்டேன். "பார்க்கிறோம்" என்றார்கள்.

மலையடியில் எரிமலையைக் காவல் பார்ப்பவர் வீட்டில்தான் ரெஜினா தங்கியிருந்தாள். தினமும் வயர்லெஸில் அவர் ஆபீசுக்கு மலை நிலவரம் சொல்லியாக வேண்டுமாம். ஒன்றும் நடக்காவிட்டால் 'ஒன்றும் இல்லை' என்றாவது. "மலை கத்தினா பயமில்ல தொந்தோன், கம்முனு ஆனாதான் பயம்" என்பாள். மாமா என்று தமிழில் கூப்பிட்டதே இல்லை, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த திமிர்.

பிலோ அழுதுகொண்டே இருந்தாள். தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"ரெஜினா இப்பதான் பேசுனா. நல்லாக்கீறா. சோளரொட்டி துன்னுக்கினு இருந்தா. டவர் இல்ல, கட்டாயிடுச்சி."

அழுகை நின்றது. எழுந்து போய் ரசம் வைத்தாள். ஒரு வார்த்தை இல்லை. அழுதபோது இவ்வளவு பயமில்லை எனக்கு.

நவம்பர் 5, புதன்
நல்ல வெயில். படகு ஓட்டினேன். "அங்கிள், எரிமலைக் கதை சொல்வீங்களாமே" என்றது படகில் வந்த பெங்களூர்ப் பெண். இன்ஜின் சத்தம், காது கேட்கவில்லை என்று கை காட்டினேன்.

எம்பசிக்கு மறுபடி போன். அந்தக் காவல்காரரின் வயர்லெஸும் பேசவில்லையாம்.

வீட்டுக்கு வந்தேன். பிலோ வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ண்ணா, இன்னிக்குப் பேசுனாளா?"

கதை கட்ட வாய் வரவில்லை. எனக்கு!

"நேத்து சொன்னது பொய்யின்னு தெரியும். பரவால்ல. சொல்லு. இன்னிக்கு என்னா துன்னாளாம்?"

"சோளரொட்டி."

"தொட்டுக்க?"