விசில் வராத பயறுச்சோறு

ஏட்டி சகாயம், என் செல்லமே,

பயறு அடுப்பில் இருக்கிறது. நீ ஊறப்போட்டுவிட்டுப் போன அதே பெரும்பயறுதான். "அக்கா, நீங்க தொடாண்டாம். காலத்த வந்து நான் வைக்கேன்" என்று சொல்லிவிட்டு நைட் ட்யூட்டிக்குப் போனாயே, அந்தப் பயறு. தொட்டுவிட்டேன். முடிந்தால் வந்து திட்டு.

உப்பை வேறு முதலிலேயே போட்டுத் தொலைத்துவிட்டேன். எவ்வளவோ நேரமாகக் கொதிக்கிறது, விரலால் நசுக்கினால் இன்னும் கல்லாக இருக்கிறது. உப்பு கடைசியில்தான் என்று நீ எத்தனை தடவை கத்தியிருப்பாய்? இது வேகும்வரை எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் அடுப்படியில் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். யார் கையில் கிடைத்து யார் படித்தாலும் படிக்கட்டும். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

அடுப்படி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கார ரஹ்மத் அக்கா ஜன்னலில் புது வலை அடித்திருக்கிறார். இந்த அரபு ஊர் ஃபஹாஹீலின் கடற்கரைப் பக்கமிருந்து வழக்கம்போல் புழுதியும் உப்புமாகக் காற்று வருகிறது. குக்கர் இன்னும் அலமாரி மேல்தான் கிடக்கிறது, நீ ஏற்றி வைத்த இடத்தில்.

நினைவிருக்கிறதா? நீ வந்த புதிது. நைட் முடித்துவிட்டு வந்து படுத்திருந்தாய். எனக்கு அன்றைக்கு ஆஃப். ஆசையாகக் குக்கரில் பருப்பு வைத்தேன். மூன்றாவது விசிலுக்குத் தலைவிரி கோலமாக வந்து நின்றாய். "அக்கா, இது வீடா, இல்ல நாரோயில் ஸ்டேஷனா?" என்றாய். அவ்வளவுதான், குக்கர் மேலே ஏறியது. மிக்ஸியும் கூடவே போனது. ஒருத்தி பகலில் தூங்க வேண்டும், இன்னொருத்தி பகலில் சாப்பிட வேண்டும் என்றால் சத்தம் வராத சமையல்தான் சமைக்க வேண்டும் என்று சட்டம் போட்டாய். இரண்டு நர்ஸ்கள் ஒரே அறையில் இருந்தால் வேறு வழியும் இல்லைதான்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் உன் பயறுச்சோறு. ஒரே சட்டி. ஒருத்தி ட்யூட்டிக்குக் கிளம்பும்போது பயறை ஊறப்போட வேண்டும், திரும்பி வருகிறவள் வைக்க வேண்டும். பயறு பாதி வெந்ததும் சிவப்பரிசி, முழுப் பூண்டு, சின்ன உள்ளி, ஒரு பிடி சீரகம். தேங்காயை அரைக்கக்கூட மாட்டாய், சத்தம் வருமாம். துருவலைக் கையாலேயே கசக்கிப் போடுவாய். கடைசியில் தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும் வற்றலும் தாளித்து ஊற்றி, சட்டியை என் பழைய பூத்துண்டில் சுற்றி வைப்பாய். நான் எத்தனை மணிக்கு வந்தாலும் சூடு இருக்கும். அடியில் பிடித்த காந்தலை மட்டும் எனக்குத் தரவே மாட்டாய். கரண்டியால் சுரண்டிச் சுரண்டி நீயே தின்பாய், திருட்டுக் கழுதை.

நாம் இரண்டு பேரும் கடற்கரைப் பிள்ளைகள். நீ குளச்சல் பக்கம், நான் தூத்துக்குடி. வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் இங்கே மீன் பொரித்தால் ரஹ்மத் அக்காவின் படுக்கையறைவரை வாடை போகும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நமக்குத்தான் சங்கடம். வாடகைக்கு ஓர் அறை தந்தவர் வீட்டில் எவ்வளவுதான் உரிமை எடுப்பது? "பயறு போதும்க்கா, பயறு ஆரையும் தொந்தரவு செய்யாது" என்பாய்.

அன்றைக்கு நீ எழுந்ததே பிந்தித்தான். பயறைக் கழுவி ஊறப்போட்டாய். ஒரு டீ, இரண்டு பிஸ்கட். "சோறு கொஞ்சம் கிடக்கு, தின்னுட்டுப் போயேன்டி" என்றேன். "நேரமாயிட்டுக்கா. ட்யூட்டி முடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்." கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். பஸ் ஹார்ன் அடித்தது. ஓடினாய்.

பஸ்ஸில் தூங்குகிறவளை அவள் ஸ்டாப் வரும்வரை எழுப்பக் கூடாது. அது நைட் ட்யூட்டிக்காரிகள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பக்கத்தில் இருப்பவள் தோளைக் கொடுப்பாள், பேச்சைக் குறைப்பாள். காலையில் நீயும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நம் ஸ்டாப் வந்ததும் எழுப்பினார்கள். நீ எழவில்லை. இதயம் என்றார்கள் பிறகு. இத்தனை பேருக்கு ஈசிஜி எடுத்த கை உன் கை. உனக்கு யாரடி எடுத்தார்கள்?

உன்னோடு ஊருக்கு வர லீவு கேட்டேன். ஆபீஸில் "என்ன உறவு?" என்றார்கள். ரூம்மேட் என்றேன். "உறவுக்காரங்களுக்குத்தான் எமர்ஜென்சி லீவு, சாரி சிஸ்டர்" என்றார்கள். நாள் முழுக்க சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிடுகிற வாய்தான். உன் ஊர்க்காரர் ஒருவர் லீவில் போகிறவர், அவர்தான் உன்னை வைத்த பெட்டியோடு போனார். நான் ட்யூட்டிக்குப் போனேன். ஊசி போட்டேன், பிபி பார்த்தேன், ஒரு குழந்தைக்குச் சிரித்துக்கூடக் காட்டினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது கடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ரஹ்மத் அக்கா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா பெர்னா, உங்கள்ல மௌத்தான வீட்ல என்ன வழக்கம்?"

"அடக்கம் முடியற வரைக்கும் அடுப்பு மூட்ட மாட்டோம்க்கா. அக்கம்பக்கத்துக்காரங்க கொண்டாந்து தருவாங்க. ஆனா அது அவ வீட்ல. இது வெறும் ரூமுதான?"

"யாரு சொன்னா ரூமுன்னு? அந்தப் புள்ள வாழ்ந்த வீடும்மா இது."

எழுந்து அடுப்படிக்குப் போனார். சிலிண்டர் வால்வைத் திருகி மூடுகிற சத்தம் கேட்டது. நான் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "அக்கா, உங்களுக்கு எதுக்கு? உங்க வீட்டுக்காரருக்கு சாப்பாடு?" என்றேன்.

"இருக்கிறது ஒத்த அடுப்பு. இதுல ஒனக்கு வேற, எனக்கு வேறயா? எங்கள்லயும் அதே வழக்கந்தான்."

அன்றிலிருந்து உன் அடக்கம் வரைக்கும் அந்த அடுப்பில் தண்ணீர்கூடச் சுடவில்லை, சகாயம். அவர் கணவர் கடையை அடைத்துவிட்டு வரும்போது குபூஸ் ரொட்டியும் பருப்பும் வாங்கி வருவார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் தலையைக் குனிந்தே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். உன் அடக்கத்தைப் போனில்தான் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. நான் ஜெபமாலை சொன்னேன், ரஹ்மத் அக்கா அவர் துஆவை ஓதினார். ஆபீஸ்காரர்கள் தராத உறவை அந்த மனுஷி ஒரு வால்வைத் திருகித் தந்துவிட்டார்.

நீ ஊறப்போட்ட பயறு மேடைமேலேயே இருந்தது. சமைக்க முடியாது, கொட்டவும் மனசு வரவில்லை. ரஹ்மத் அக்காதான் தண்ணீரை வடித்து, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தார். இத்தனை நாளும் ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் அந்த டப்பா என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் உன் அம்மா கூப்பிட்டார்கள். அழுகை ஓய்ந்த குரல். "மக்கா, எனக்க மவ கடைசியா என்ன தின்னா? பசியோட போயிட்டாளா?"

நான் என்ன சொல்லட்டும் சொல்? ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் என்றா? "இல்லம்மா. பயறுச்சோறு. வயிறு நெறைய சாப்பிட்டுட்டுத்தான் போனா. காந்தலக்கூட விடல" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. "அது போதும் மக்கா" என்றார்கள். பொய்தான். நூறு தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நீ போய் ஒரு மாதம், இன்றைக்கு உனக்கு மாதப் பூசை. காலையில் அம்மா போட்டோ அனுப்பினார்கள். கோவில் முற்றத்தில் பெரிய வட்டச் சட்டி, சுற்றிலும் உன் தெருக்காரர்கள், கையில் வாழையிலை. சட்டியில் என்ன தெரியுமா? பயறுச்சோறு. "அவ கடைசியா தின்னது அதுதானே மக்கா. அதான் எல்லாருக்கும் அதையே விளம்பினேன்" என்று பேசி அனுப்பியிருந்தார்கள். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ சாப்பிடாத சோற்றை உன் ஊரே சாப்பிட்டிருக்கிறது. அதன்பிறகு எப்படியடி அந்த டப்பாவை ஃப்ரீசரிலேயே விட்டுவைப்பது?

அதோடு, உன் கட்டிலுக்கு இன்றைக்கு ஒருத்தி வருகிறாள். வினோ என்று பெயர், விருதுநகர்ப் பக்கம். நம் கிளினிக்கில்தான் வேலை, இன்று இரவுதான் முதல் நைட் ட்யூட்டி. ரஹ்மத் அக்கா இத்தனை நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன வாரம்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீ வேணாம்னா வேணாம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் எப்படி வேண்டாம் என்பேன்? உன் விரிப்பை மடித்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அது மட்டும் எனக்கு.

பயறு வெந்துவிட்டது. அரிசியைப் போட வேண்டும். இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். நிறைய நடந்துவிட்டது, கேள்.

வினோ இரண்டு பெட்டியோடு வந்தாள். ஒல்லிக்குச்சி. கண்ணில் நம் எல்லோருக்கும் முதல் மாதத்தில் இருந்த அதே பயம். பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அவசர அவசரமாக யூனிஃபார்மை மாட்டினாள். "சோறு ரெடியா இருக்கு, வாம்மா" என்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

"நேரமாச்சுக்கா. ட்யூட்டி முடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்."

என் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. "உக்காருடி!" என்று போட்டேனே ஒரு சத்தம். நான்கு வருஷமாக நீ கட்டிக்காத்த அமைதி மொத்தமும் போனது. ரஹ்மத் அக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தார். அந்தப் பிள்ளை மிரண்டுபோய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரஹ்மத் அக்கா என் முகத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். தட்டை எடுத்து அவரே சோறு வைத்தார். "சாப்புடும்மா. பஸ்ஸு நிக்கும், நான் டிரைவருக்குப் போன் போடுறேன். நீ மெதுவா சாப்புடு" என்றார்.

சாப்பிட்டாள் சகாயம். முதலில் பயத்தில், அப்புறம் பசியில். சிவப்பரிசி கொஞ்சம் குழைந்துவிட்டது, உப்பும் ஒரு கல் கூடுதல். அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்காக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நீ அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாமேடி. நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ரஹ்மத் அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே அவளுக்கு இரண்டாவது தடவை வைத்தார்.

அவள் போன பிறகு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு காந்தலைச் சுரண்டினேன். முதல் தடவையாக முழுக் காந்தலும் எனக்கு. ருசிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். நீ இருந்திருந்தால் பாதியையாவது பிடுங்கியிருப்பாய்.

இப்போதுதான் உன் அம்மா கூப்பிட்டு வைத்தார்கள். "சாப்பிட்டியா மக்கா?" என்றார்கள். "சாப்பிட்டேன்மா. பயறுச்சோறு" என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

சகாயம், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கை கரண்டி பிடிக்கும்வரை இந்த அறையிலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு அந்த பஸ்ஸில் ஏற மாட்டார்கள். காலையில் வினோ வந்து உன் கட்டிலில் படுப்பாள். குக்கர் இறங்காது, ஒரு விசில் வராது, நன்றாகத் தூங்கட்டும். ஆனால் பஸ்ஸில் மட்டும் எழுப்பக் கூடாது என்ற சட்டத்தை மீறிவிட்டேன். திரும்பி வரும்போது பாதி வழியில் அவளைத் தட்டி எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தூக்கம் கெட்டுத் திட்டினால் திட்டட்டும். திட்டுகிற சத்தத்தை எனக்குப் போனில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன்னோடு பிறக்காத, உன்னோடு வர விடப்படாத,
உன் அக்கா
பெர்னதெத்