மஞ்சள் கண்டு நான் நிறுத்திய மாத்திரை

என் அருமை மாப்பிள்ளைக்கு,

வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:

1. நேற்று கிளினிக்கில் டாக்டரம்மா சொன்னது.
2. நான் உங்களுக்குச் செய்தது.
3. எச்.ஐ.வி. மாத்திரை மகளின் உடம்பில் வேலை செய்தது. ஈரல் நோயும் இருந்த உங்கள் உடம்பில் செய்யவில்லை.

நீங்கள் போய் ஆறு மாதம். மகள் பத்து நாளாக மாத்திரையைத் தொடவில்லை. "அவரு கண்ண மஞ்சளாக்கிக் கொன்னது இந்த மாத்திரதான். எனக்கு வேணாம்ப்பா" என்றாள். கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். வட்டகொடையில் ரயில் ஏறினோம்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். உங்கள் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார்.

"மாத்திரை கொல்லேல்லை, பிள்ளை. அவருக்கு எச்.ஐ.வி.யோட ஈரலிலை ஹெபடைடிஸ் பி கிருமியும் இருந்தது. உமக்கு அது இல்லை. எதிர்ப்புச் சக்தி திரும்பி வரேக்கை ஈரல் கிருமியோட சண்டை பிடிக்கும், கண் மஞ்சளாகலாம். உடனை இஞ்சை வந்திருந்தா பாத்திருப்பம். அந்த மாத்திரைதான் ரெண்டு கிருமியையும் அமத்தி வைச்சிருந்தது. நிப்பாட்டினதும் ஈரல் கிருமி எழும்பிட்டுது." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

"அவராவே நிப்பாட்டிட்டாரு டாக்டர். அவசரக்காரரு" என்றாள் மகள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், மாப்பிள்ளை. வாய் திறக்கவில்லை. முப்பது வருடம் வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, உண்மையைச் சொல் என்று கேட்டவன்.

உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் கண் மஞ்சளான அன்று, மகள் பிள்ளைக்காம்பராவில் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். நான் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தேன். காமாலைக்குப் பத்தியம் என்றால் நம் லயத்து வீடுகளில் உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, இங்கிலீஷ் மருந்தும் இல்லை.

"கிளினிக்குல கேட்டுட்டு நிறுத்துவோமா மாமா?" என்றீர்கள்.

"மொதல்ல பத்தியம் முடியட்டும் மாப்பிள்ள."

"சரி. வாத்தியாரு பேச்சக் கேட்டு பெயிலாப் போனா, மார்க்க நீங்கதான் கூட்டிப் போடணும்" என்று சிரித்தீர்கள். கடைசிவரை மகளிடம் என் பெயரைச் சொல்லாமலே போனீர்களே, ஏன்?

இன்று காலை நானே அவளிடம் சொன்னேன். அடுப்படியில் கேத்தலை இறக்கி வைத்தாள்.

"நேத்து திரும்பி வர்றப்ப ரயில்ல செத்தவரத் திட்டிக்கிட்டே வந்தேனே. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே வந்தீங்களேப்பா!"

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இதைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. இன்னொருத்தரு நிறுத்தாம இருக்கட்டும். பேரு மட்டும் வேணாம்."

அடுத்த கிளினிக்குக்கும் அவளோடு போவேன். நிறுத்தச் சொன்னவன் நான் என்று டாக்டரம்மாவிடம் என் வாயால் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கடிதத்தை மடிக்கும் முன், நேற்று டாக்டரம்மா உங்கள் கோப்பிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்த தாளைத் துணிந்து பிரித்தேன். கண் மஞ்சளாவதற்கு முந்திய வாரம் நீங்கள் இரத்தம் கொடுத்து, முடிவை வாங்க யாரும் போகாத தாள். நோயை எதிர்க்கும் அணுக்கள் மகளுக்கு எவ்வளவு கூடினவோ, உங்களுக்கும் அவ்வளவு கூடியிருக்கின்றன. மூன்று தரம் பார்த்தேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. நீங்கள் தேறிக்கொண்டுதான் இருந்தீர்கள், மாப்பிள்ளை.

உங்கள் மாமா